காட்டுக்குள்ள சேவல் மாதிரி கத்தாதீங்கய்யா!

மக்களே, ஆணி அதிகமா இருக்கறவங்க இந்த ஒரு பத்தியோட எஸ்கேப் ஆயிக்கலாம். அமெரிக்கக் காட்டுல வசந்த காலத்துல வான்கோழி வேட்டைக்குப் போறவங்க, பெட்டைக்கோழி மாதிரி எவ்வளவு வேணா கூவட்டும், கெஞ்சட்டும், கொஞ்சட்டும். சேவல் மாதிரி மட்டும் கத்தக்கூடாது. நாலு பேர் வந்து போற பொதுக்காட்டுல கூடவே கூடாது. சொந்த நிலத்துலயும் வேண்டாம்ங்கறது என் கட்சி. அந்தக் குழலை விக்கறவன், அதை ஆட்டி வீடியோ போடறவன், "சும்மா ஒரு தடவைதான் பாஸ்"னு சொல்றவன், எல்லார் மேலயும் எனக்குக் கோவம் இருக்கு. ஏன்னு கேக்கறவங்க மட்டும் கூட வாங்க.

"கோடு அடிக்கிற பயலுக்கு வான்கோழியோட என்னடா சோலி?" நியாயமான கேள்விதான். நான் குப்பை கொட்டுறது பென்சில்வேனியாவுல. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது தாண்டியாச்சு, ரிட்டயர்டு. அம்பது வருஷமா வான்கோழி வேட்டைக்குப் போறவர். நாலு வசந்தமா நானும் அவர் பின்னாடி போறேன். எச்1பி காரன் துப்பாக்கி தொடலாமான்னு ஆரம்பிக்காதீங்க. வேட்டை லைசென்ஸ் இருந்தா தொடலாம்னு ஃபெடரல் சட்டத்துலயே ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆனா நான் தொடறதில்லை. என் கையில தெர்மாஸ் மட்டும்தான். விடியறதுக்கு முன்னாடி காடு எப்படி இருக்கும்னு பாக்கத்தான் போறேன். சைவ நண்பர்கள் "வேட்டையே தப்பு"ன்னு சண்டைக்கு வந்தீங்கன்னா, அந்தச் சண்டை வேற, இது வேற. அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சூப்பர் மார்க்கெட்ல ஐஸ் கட்டி மாதிரி கிடக்கற வான்கோழியையும் காட்டு வான்கோழியையும் ஒண்ணா நினைச்சுடாதீங்க. காட்டுல இருக்கறது பறக்கும், ராத்திரி மரத்து மேல தூங்கும். தலையைத் திருப்பாமலே முக்கால் வட்டம் பாக்கும், அதுவும் கலர்ல. நீங்க மூக்கைச் சொறிஞ்சா போதும், அது அடுத்த மாவட்டம் போயிடும். அதனாலதான் வேட்டைக்காரங்க தலையில இருந்து கால் வரைக்கும் இலை, மரப்பட்டை டிசைன் போட்ட உடுப்புல மறைஞ்சு உக்காருவாங்க. முகத்துக்கும் வலை, கைக்கும் உறை. பென்சில்வேனியாவுல வசந்த சீசன்ல ஆரஞ்சு சட்டை கட்டாயமும் இல்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இயற்கையில என்ன நடக்கும்னா, விடியற நேரத்துல சேவல் மரத்து மேல இருந்தே குளுகுளுகுளுன்னு ஒரு சத்தம் போடும். இங்க அதுக்கு 'காபிள்'னு பேரு. நான் இங்க இருக்கேன், வாங்கன்னு அர்த்தம். பெட்டைங்க அதைக் கேட்டு நடந்து போகும். வேட்டைக்காரன் இதைத் தலைகீழாத் திருப்பறான். அவன் பெட்டை மாதிரி குரல் குடுத்து, "எனக்கு நடக்க முடியலை, நீ வாயேன்"னு சேவலைக் கூப்பிடறான். சேவலுக்கு இது பிடிக்காது. எண்பது கஜத்துல நின்னுகிட்டு, தோகையை விரிச்சுக் காட்டி, "நீதான் வரணும்"னு அடம் பிடிக்கும். ரெண்டு மணி நேரம் ஆகும். பாதி நாள் ஆகும். பெரும்பாலும் வராது. இந்த வேட்டையோட மொத்த ருசியே அந்தப் பேச்சுவார்த்தையிலதான் இருக்குன்னு பெரியவர் சொல்லுவார்.

அந்தப் பேச்சுவார்த்தைக்கு எத்தனை கருவி தெரியுமா? வான்கோழியோட இறக்கை எலும்பையே குழலாக்கி உறிஞ்சி ஊதறது அமெரிக்கப் பழங்குடி மக்கள் காலத்துல இருந்து வர்றது. மூடியை ஓரத்துல உரசினா கீச்சுன்னு கூவற மரப்பெட்டி ஒண்ணு இருக்கு, அர்கான்ஸா மாநிலத்துல கிப்சன்னு ஒருத்தர் 1897-லயே அதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டார். சிலேட்டுல குச்சியை வெச்சு உரசறது இன்னொண்ணு. வாய்க்குள்ள அண்ணத்துல ஒட்டிக்கற ரப்பர் சவ்வு இன்னொண்ணு, அதைப் போட்டுப் பழகறதுக்குள்ள வீட்ல கல்யாணமே முறிஞ்சுடும். எல்லாமே முக்கியமா பெட்டைக் குரலுக்குத்தான்.

சேவல் எங்க இருக்குன்னு தெரியணுமா? அதுக்கும் வழி இருக்கு. ஆந்தை மாதிரி அலறினா, காக்கா மாதிரி கரைஞ்சா, சேவல் தூக்கிவாரிப் போட்ட மாதிரி பதிலுக்குக் கத்திடும். இடி இடிச்சாக் கூட கத்தும், கார் கதவைச் சாத்தினாக் கூட கத்தும். ஆக, இடம் கண்டுபிடிக்கறதுக்குச் சேவல் குரல் தேவையே இல்லை.

அப்புறம் எதுக்கு அந்த ரப்பர் குழல்? உலுக்கினா அசல் சேவல் மாதிரியே குளுகுளுங்கும். இது சவால். வான்கோழிகள்ல யாரு பெரியவன், யாரு சின்னவன்னு ஒரு வரிசை உண்டு. இன்னொரு சேவல் தன் ஏரியாவுல வந்து கத்தினா, அந்த ஏரியா தாதா சண்டைக்கு வருவார். சுருக்கமா, ரெண்டு மணி நேரப் பேச்சுவார்த்தையை ரெண்டு நிமிஷ அடிதடியா மாத்தற குறுக்குவழி. தாதா வந்தா சரி. வர்றது தாதா இல்லாம ஏற்கனவே உதை வாங்கின நோஞ்சான் சேவலா இருந்தா, சத்தமில்லாம திரும்பிப் போயிடும். அதைச் சொல்லி விக்கற கடையை நான் பாத்ததில்லை.

இப்ப அந்தக் காட்டுல இருக்கற இன்னொரு ஆளோட எடத்துல உங்களை வெச்சுப் பாருங்க. அவன் மூணரைக்கு எழுந்து வந்திருக்கான். குளிரு. நாலு வருஷமா ஒண்ணும் கிடைக்கலை. சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி முன்னாடியே சட்டப்படி சுடலாம், அப்ப வெளிச்சம் நம்ம ஊர் கரண்ட் கட் ஆன கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். பக்கத்துல ஒரு குரல் கேக்குது. அது பெட்டைக் குரலா இருந்தா அவனுக்கு அது இரை இல்லை. ஏன்னா வசந்த சீசன்ல பென்சில்வேனியாவுல தாடி இருக்கற பறவையைத்தான் சுடலாம், அது கிட்டத்தட்ட எப்பவுமே சேவல்தான். (வான்கோழிக்குத் தாடி நெஞ்சுல முளைக்கும், குதிரை முடி மாதிரி.) ஆக பெட்டைக் குரல், இங்க நீ சுட வேண்டியது ஒண்ணும் இல்லைன்னு சொல்ற குரல். சேவல் குரல், நீ எதுக்கு வந்தியோ அது இங்கதான் இருக்குன்னு சொல்ற குரல். மொத்தப் பிரச்சினையும் இதுதாங்க. தலை முதல் கால் வரை மறைஞ்சு உக்காந்துகிட்டு, சுத்தி இருக்கற துப்பாக்கிக்கெல்லாம் "நான்தான் டார்கெட்டு"ன்னு நீயே அறிவிக்கற.

சேவலோட தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அதனால வான்கோழிக் காட்டுக்குள்ள இந்த மூணு கலர்ல கைக்குட்டை கூடக் கொண்டு போகாதேன்னு எல்லாப் பாதுகாப்பு வகுப்புலயும் சொல்லுவாங்க. தோளை விட அகலமான மரத்துல சாய்ஞ்சு உக்காரு, யாராவது கிட்ட வந்தா கையை ஆட்டாதே, வாயைத் திறந்து மனுஷக் குரல்ல கத்து, இதெல்லாமும் அதே பாடம். கை ஆட்டினா அது தோகை அசையற மாதிரி தெரியும்னு பயம். ஒரு கைக்குட்டைக்கே இவ்வளவுன்னா, பறவையோட குரலையே எடுத்துப் போட்டுக்கறதை என்னன்னு சொல்றது? இப்ப அடுத்த கட்டத்துக்கும் போயிட்டாங்க. செத்த சேவலோட தோகையை முகத்துக்கு முன்னாடி விசிறி மாதிரி புடிச்சுகிட்டு ஊர்ந்து போறது. நம்ம பழந்தமிழ்ல, மத்த மிருகத்தை ஏமாத்த வைக்கற பழக்கின மானுக்கும் பறவைக்கும் 'பார்வை'ன்னு அழகான பேரு உண்டு. இவனுங்க தன்னையே பார்வையா வெச்சுக்கறானுங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மே மாசம், பொதுக்காட்டுல ஒரு ஓடைப் பள்ளத்துக்கு மேல பெரியவரும் நானும் ஒரு ஓக் மரத்துல சாய்ஞ்சு உக்காந்திருந்தோம். பெரியவர் மூணு தடவை பெட்டைக் குரல் குடுத்தார். அமைதி. கொஞ்ச நேரத்துல பள்ளத்துல இருந்து ஒரு காபிள். எனக்கு ரோமம் சிலிர்த்துப் போச்சு. பெரியவர் என் முழங்கால்ல கையை வெச்சு அழுத்தினார், அசையாதேன்னு. அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. பெரியவர் காதுகிட்ட வந்து சொன்னார், "இது பறவை இல்லப்பா. மூணும் ஒரே நீளம்."

அப்பத்தான் இடது பக்க மேட்டுல இலை அசைஞ்சதைப் பாத்தேன். ஒருத்தர் முழங்காலும் முழங்கையுமா ஊர்ந்துகிட்டே பள்ளத்தைப் பாத்து இறங்கறார். துப்பாக்கி முன்னாடி நீட்டிகிட்டு இருக்கு. பென்சில்வேனியாவுல வசந்த சீசன்ல கூப்பிட்டு வரவழைச்சுத்தான் சுடணும், பறவையைத் தேடிப் பதுங்கிப் போறது சட்ட விரோதம். அவருக்கும் தெரிஞ்சிருக்கும். பள்ளத்துல ஒரு பட்டுப்போன மரத்துக்குப் பின்னாடி தோகை ஒண்ணு எழும்பி, விரிஞ்சு, மெதுவா திரும்புச்சு. மேட்டுக்காரர் நின்னார். துப்பாக்கி தோளுக்குப் போச்சு.

பெரியவர் போட்ட சத்தத்தை நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்லை, பின்னாடியும் கேட்டதில்லை. "சுடாதே! ஆளு! அங்க இருக்கறது ஆளு!"

தோகை கீழ விழுந்துச்சு. அதுக்குப் பின்னாடி இருந்து ஒரு பையன் எழுந்தான், என் வயசுதான் இருக்கும். ஒரு கையில ரப்பர் குழல். ரெண்டு பேருக்கும் நடுவுல நாப்பது கஜம் இருந்தா அதிகம். மேட்டுக்காரர் துப்பாக்கியைத் திறந்து ரவையை வெளிய எடுத்துட்டு, இருந்த எடத்துலயே மண்ணுல உக்காந்துட்டார். வாயைத் திறந்தார், பேச்சு வரலை. இந்தப் பையன் என்ன பண்ணியிருப்பான்னு நினைக்கறீங்க? நேரா எங்களைப் பாத்து வந்தான். "யோவ் பெருசு, பக்கத்துல ஒரு நிஜச் சேவல் பதில் சொல்லிகிட்டிருந்துச்சு. கெடுத்துட்டியே!"

அந்த நிஜச் சேவல் பதில் சொன்னதை நாங்க யாரும் கேக்கலை.

இதை ஒரு பார்ட்டியில சொன்னப்ப, இங்கயே பொறந்து வளர்ந்த வேட்டைக்கார நண்பர் ஒருத்தர் உடனே சட்டப் புத்தகத்தைத் திறந்துட்டார். தப்பு ஊர்ந்து வந்தவர் மேலதான், இலக்கு என்னன்னு உறுதி பண்ணிக்காம துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு போகவே கூடாது, குழல் ஆட்டினவன் மேல என்ன தப்புன்னார். ஒத்துக்கறேன். கோர்ட்டுல ஊர்ந்தவர்தான் குற்றவாளி. ஆனா நம்ம ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸுக்கு 'டெஸ்ட்'னு பேர் வெச்சுட்டு, எவனாவது ராத்திரி மூணு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல அதை அழிச்சுட்டா, "பாத்து அழிச்சிருக்கணும்"னு சொல்லுவீங்களா? அழிச்சவன் மேல தப்பு இருக்கு. பேர் வெச்ச வெண்ணெய் யாரு? அரை வெளிச்சத்துல, தூக்கம் கெட்ட ஒரு மனுஷனோட கண்ணுங்கற ஒரே ஒரு இஃப் கண்டிஷனை நம்பி உயிரை வைக்கறது எந்த ஊரு டிசைன்? அந்தக் கண்டிஷன் வேலை செய்யணும், சரி. செய்யாத அன்னிக்கும் யாரும் சாகக்கூடாது இல்லையா?

"அனுபவசாலிங்க தப்பு பண்ண மாட்டாங்க"ன்னு அதே நண்பர். அப்படியா? 2006 பிப்ரவரியில டெக்ஸாஸ்ல, அப்ப அமெரிக்கத் துணை ஜனாதிபதியா இருந்த டிக் செனி, காடை வேட்டைக்குப் போன எடத்துல கூட வந்த ஹாரி விட்டிங்டன்ங்கற 78 வயசு வக்கீலைச் சுட்டார். முகம், கழுத்து, நெஞ்செல்லாம் ரவை. ஒரு ரவை இதயத்துகிட்ட போய் லேசான மாரடைப்பே வந்துச்சு. ஆள் பொழைச்சார். அது தனியார் பண்ணை நிலம். திறந்தவெளி. சாயங்கால வெளிச்சம். விட்டிங்டன் ஆரஞ்சு சட்டை போட்டிருந்தார். சுட்டவருக்கு அனுபவத்துக்கும் பஞ்சமில்லை, கூட வந்திருக்கார்னும் தெரியும். இவ்வளவு இருந்தும்! இதுல ஒண்ணு கூட இல்லாத ஒரு பள்ளத்துல உக்காந்து நீ சேவலாட்டம் கத்துவியா?

அதே சம்பவம் "என் நிலம், என் இஷ்டம்" கோஷ்டிக்கும் பதில். உன் நிலத்துல யாரும் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? வேலி எங்க முடியுதுன்னு காபிள் சத்தத்துக்குத் தெரியாது, காத்து இல்லாத காலையில ஒரு மைல் வரைக்கும் கூடப் போகும். பக்கத்து நிலத்துக்காரன், அவன் மச்சான், திருட்டுத்தனமா உள்ள வந்தவன், எல்லார் காதுலயும்தான் விழும். திருட்டுத்தனமா வந்தவனைச் சுட்டாலும் பரவாயில்லைன்னு சொன்னா நம்ம பேச்சு இதோட முடிஞ்சது.

"ஆனா வேலை செய்யுதே!" இது மூணாவது வாதம். செய்யும். வெடி போட்டாலும்தான் குளத்துல மீன் கிடைக்குது.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். முன்ன மாதிரி இப்ப ரவையும் இல்லை. ஈயத்தோட அடர்த்தி 11 சொச்சம், இப்ப வர்ற டங்ஸ்டன் ரவைக்குப் 18. சின்ன ரவை, ஆனா அதே வேகம் தூரம் வரைக்கும் நிக்கும். முந்தி 40 கஜம்தான் வான்கோழிக்கு எல்லைன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு 60 கஜத்துல சுட்டேன்னு பெருமையா வீடியோ போடறாங்க. 60 கஜத்துல, இலைக்கு நடுவுல, தோகைக்குப் பின்னாடி இருக்கறது பறவையா மனுஷனான்னு எந்தக் கண்ணால பாக்கறது? ஒரு பக்கம் துப்பாக்கி தூரம் கூடுது, இன்னொரு பக்கம் வேஷம் அச்சு அசலா ஆகுது. ரெண்டும் ஒரே கடையில, ஒரே ஷெல்ஃப்ல, பக்கத்துப் பக்கத்துல தொங்குது. குழலோட அட்டையில, பொடி எழுத்துல, பாதுகாப்பா பயன்படுத்தவும்னு ஒரு வரி. எப்படிய்யா பாதுகாப்பா சேவலா இருக்கறது?

வேட்டை விபத்து வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டுத்தானே வருதுன்னு கேப்பீங்க. ஆமா, குறைஞ்சிருக்கு. பயிற்சி வகுப்பைக் கட்டாயமாக்கி, பதுங்கிப் போறதைத் தடை பண்ணி, சிவப்புக் கைக்குட்டையைக் கூடப் புடுங்கி வெச்சுத்தான் குறைச்சாங்க. அது தானா குறைஞ்ச மாதிரி பேசறது, தடுப்பூசி போட்டதால வராத நோயைக் காட்டி தடுப்பூசி எதுக்குன்னு கேக்கற மாதிரி.

எனக்கு ஆத்திரம் வர்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்தப் பறவை கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சுங்க. 1930-கள்ல அமெரிக்கா முழுக்க 2 லட்சத்துக்கும் கீழ. காட்டை வெட்டினதும், கணக்கில்லாம சுட்டதும்தான் காரணம். அப்புறம் 1937-ல துப்பாக்கி, ரவை மேல வரி போட்டு வனவிலங்குக்குச் செலவு பண்ண ஒரு சட்டம் வந்துச்சு. பண்ணையில வளத்து விட்ட கோழி காட்டுல பொழைக்கலை. காட்டுக் கோழியையே வலையைப் பீரங்கி மாதிரி வெடிச்சுப் புடிச்சு, லாரியில ஏத்தி, வெறுமையா கிடந்த காடுகள்ல கொண்டு போய் விட்டாங்க. இன்னிக்கு ஏறக்குறைய 60 லட்சம். இதுக்குக் காசு குடுத்ததும் லாபி பண்ணதும் பெரும்பாலும் வேட்டைக்காரங்கதான். பெட்டையைச் சுடாதே, ரைஃபிள் வேண்டாம், மின் கருவியில சத்தம் போடாதே, இத்தனைக்கு மேல எடுக்காதேன்னு தனக்குத் தானே கட்டுப்பாடு போட்டுகிட்ட கூட்டம் அது. இந்தக் கட்டுப்பாட்டை எல்லாம் மதிச்சு அம்பது வருஷம் வேட்டையாடின ஒரு மனுஷனைத்தான் அந்தப் பையன் "பெருசு கெடுத்துட்டியே"ன்னான்.

மயிலைப் பாத்துத் தானும் ஆடின வான்கோழியை மூதுரையில ஔவையார் கிண்டல் பண்ணியிருப்பார் இல்லையா? (ஔவையார் கொலம்பஸுக்கு முந்தினவங்கன்னா அது இந்த வான்கோழியா இருக்க முடியாது, இது அமெரிக்கச் சரக்கு. தமிழறிஞர்கள் யாராவது விளக்குங்கப்பா.) வான்கோழி மயில் வேஷம் போட்டா சிரிப்போட போயிடும். மனுஷன் வான்கோழி வேஷம் போட்டா போஸ்ட் மார்ட்டம் வரைக்கும் போகும்.

நம்ம மக்களுக்கு ஒரு தனி விண்ணப்பம். ஏப்ரல் கடைசி, மே மாசத்துல வார இறுதி ட்ரெக்கிங்னு குடும்பத்தோட காட்டுக்குப் போறீங்க. பென்சில்வேனியாவுல மட்டும் வேட்டைக்கான பொது நிலம் 15 லட்சம் ஏக்கர் சொச்சம் இருக்கு, நடைபாதைகள் அதுக்குள்ளயும் போகும். குளுகுளுன்னு சத்தம் கேட்டா கேமராவைத் தூக்கிகிட்டுப் புதருக்குள்ள பூராதீங்க. பையனுக்கு சிவப்புத் தொப்பி, நீலச் சட்டை வேண்டாம், பளிச்சுனு ஆரஞ்சு போட்டு விடுங்க. சத்தமா தமிழ்ல பேசிகிட்டே நடங்க, அது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை :-) அப்புறம், போன்ல யூட்யூபைத் திறந்து வான்கோழிச் சத்தம் போட்டு, "பாரு பாரு, பதில் சொல்லுது"ன்னு ரீல்ஸ் எடுக்கற புத்திசாலி ஒருத்தர் எங்க குரூப்லயே இருக்கார். பதில் சொல்றது எதுன்னு அவருக்குத் தெரியாது.

டிஸ்கி: வேட்டை அனுபவம் உள்ள நண்பர்கள் தாராளமா வந்து கும்மலாம். நாலாவதா ஒரு வாதம் இருந்தா எடுத்துகிட்டு வாங்க. "வேலை செய்யுது", "என் நிலம்", "சுட்டவன் தப்பு" மூணுக்கும் மேலயே பதில் இருக்கு.